பேப்பர் மிஸ்திரி

எங்கள் நாளிதழை அவரைப் போல உற்றுப் பார்த்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் அதைப் படித்ததில்லை. தாராவியில் பிறந்து, இந்திப் பள்ளிக்குச் சில வகுப்புகள் போனவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதற்கும் அவருக்குப் பொறுமை கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஒரு சின்னத் தமிழ் நாளிதழில் நான் துணை ஆசிரியராக இருந்தேன். விற்காமல் திரும்பும் பிரதிகளை வாரம் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து கட்டாகத் தூக்கிக்கொண்டு போவார்.

டீசல் எஞ்சின்களில் எண்ணெய்க் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்வதுதான் அவருடைய தொழில். கிளட்ச், பிரேக் என்று வருபவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார். வேலை முடிந்ததும் எஞ்சினுக்குக் கீழே எங்கள் பேப்பரில் ஒரு முழுத்தாளை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, எஞ்சினை ஓடவிடுவார். நாளிதழின் பெயர் எப்போதும் வண்டியின் மூக்குப் பக்கம் இருக்க வேண்டும். பிறகு தாளை வெளியே இழுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். டீசல் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் அந்த இடம் எண்ணெய் குடித்து, பின்பக்கத்து எழுத்து தெரியும் அளவுக்கு வெளிறிவிடும்.

"சார், உங்க பேப்பர்ல இன்னைக்கு நியூஸே இல்ல" என்று ஃபோன் வந்தால் வண்டி ஒழுகவில்லை என்று அர்த்தம். "பேருக்குப் பக்கத்துல ஒரு நியூஸ் இருக்கு" என்றால் ஃபில்டர். கீழே சினிமா விளம்பரத்துப் பக்கம் என்றால், மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பிப் போகும் குழாய். எங்கள் ஆசிரியர்கூட பக்க அமைப்பை இவ்வளவு நினைவில் வைத்திருந்ததில்லை.

அவரிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரங்கல் விளம்பரங்கள் வரும் பக்கத்தை வண்டிக்குக் கீழே போட மாட்டார். செத்தவர்கள் முகத்தில் டீசல் விழக்கூடாது. சரளமாகப் படிக்க வராததால் படத்தை மட்டும் பார்த்து யார் என்ன என்று அவரால் முடிவு செய்ய முடியாது. அலுவலக வாசலில் உட்கார்ந்து, கட்டைப் பிரித்து, பக்கம் பக்கமாக என்னிடம் நீட்டுவார்.

"இவரு இருக்காரா, போயிட்டாரா?"

"இருக்கார் அண்ணாச்சி. மந்திரி."

"இந்தம்மா?"

"போயிட்டாங்க."

போனவர்களை மடித்துத் தனியே வைத்துவிட்டு, இருப்பவர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார்.

எல்லோரும் அவரை மிஸ்திரி என்றார்கள்; மும்பையில் மெக்கானிக்குக்கு அதுதான் பெயர். கல்லி என்று சொல்லும் எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கு அவர் பேப்பர் மிஸ்திரி. ஒல்லியான ஆள். பேன்ட்டில் முதலில் கிழிவது முழங்கால்தான். தலை எப்போதும் இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். ஆள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் ஆள் வந்த வண்டியின் அடிவயிற்றைப் பார்ப்பார். அவரோடு தாராவியிலிருந்து தாதர் வரை நடந்து போவது பெரும்பாடு. நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு டெம்போவுக்கும் குனிவார். ஓட்டுநர்கள் திட்டுவார்கள். திட்டு அவர் காதில் விழுந்த மாதிரி தெரியாது.

வேலை முடிந்தது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. "இப்பத்திக்கு நின்னிருக்கு" என்பார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் கூப்பிடாமலேயே வண்டிக்காரர் வீட்டு வாசலில் பேப்பரோடு நிற்பார். அடுத்த வாரமும் நிற்பார். சிலருக்கு இது பிடித்தது. பெரும்பாலானவர்களுக்கு எரிச்சல். "சரி பண்ணிட்டீரா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லும்" என்று ஒரு தண்ணீர் லாரிக்காரர் கத்தியபோது நான் பக்கத்தில் இருந்தேன். இவர் யோசித்துவிட்டு, "அத எஞ்சின்தான சொல்லணும்" என்றார்.

அவர் வேலை செய்வதை நின்று பார்த்திருக்கிறேன். குழாயையும் இணைப்புகளையும் முதலில் துணியால் வறட்டுத் துடைப்பு. பிறகு முகப் பவுடரை உள்ளங்கையில் கொட்டி அதன்மேல் ஊதுவார். எஞ்சின் கல்யாண வீட்டுக் குழந்தை போல வெளுத்துவிடும். ஓடவிட்டதும் எங்கே பவுடர் நனைந்து கறுக்கிறதோ அங்கே கசிவு. பவுடர் அவர் மனைவியுடையது. வீட்டில் தோல் பைகளுக்கு உள்துணி தைக்கிறவர் அவர். "என் மூஞ்சிக்கு இல்லாத பவுடரு எஞ்சினுக்கு" என்பார், தையல் மிஷினிலிருந்து தலை நிமிராமல்.

ஒழுகும் இடத்தில் குளியல் சோப்பை அப்பிக்கொண்டு வரும் ஓட்டுநர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. நட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் நின்றுவிடும் என்று நம்புகிறவர்களைக் கண்டால் அதைவிட ஆகாது. "முறுக்காத. ஏன் ஒழுவுதுன்னு மொதல்ல பாரு" என்று ஸ்பேனரைப் பிடுங்குவார். ஒருமுறை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பம்பிலிருந்து போகும் இரும்புக் குழாயை ஓர் இளம் ஓட்டுநர் விரலால் தடவப் போனான். இவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியே விட்டார்.

"ஏல, அது டீசல் இல்ல, ஊசி. தோலுக்குள்ள போயிரும். வெளிய ஒண்ணுந் தெரியாது. பொறவு ஆஸ்பத்திரில வெரல எடுப்பான்."

"கை ஒடஞ்சிரும் மிஸ்திரி, விடும்!"

"ஒடஞ்சா கட்டு போடலாம்."

விட்டுவிட்டு ஓர் அட்டைத்துண்டைக் குழாய்க்கு நேரே நீட்டினார். அட்டையில் பொட்டாக ஓர் ஓட்டை விழுந்தது. ஓட்டுநர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

மாதுங்காவில் ஒரு கல்யாணத்துக்கு அவரும் மனைவியும் வந்திருந்தார்கள். பந்தியில் சாம்பார் ஊற்றும்போது மின்சாரம் போய் மண்டபத்து ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. இலையில் கை வைத்தவர் அப்படியே மூக்கைத் தூக்கினார். சோற்றைப் பிசைந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"போங்க, பாத்துட்டே வாங்க. பாயாசத்த நான் வாங்கி வைக்கேன்" என்றார் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க கல்யாணத்தன்னைக்கு முகூர்த்தத்துக்கு ஆளக் காணோம் சார். தேடுனா, எங்கப்பா வந்த வேனுக்குக் கீழ பட்டுவேட்டியோட கெடக்காரு" என்றார்.

இவ்வளவுக்கும் அவர்கள் வீட்டுக் குழாய் எந்நேரமும் சொட்டும். கீழே ஒரு வாளி. நான் சுட்டிக்காட்டியபோது, "அது தண்ணி சார். தீப்பிடிக்காதுல்ல" என்றார்.

எனக்குத் தொழில் புத்தி. எதற்கும் ஒரு காரணம் வேண்டும். பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டேன். மலைப்பாதையில் டீசல் ஒழுகி எரிந்துபோன ஒரு லாரியைப் பற்றிச் சொன்னார். மனைவி, அதெல்லாம் கதை, பிறவியே அப்படித்தான் என்றார். அவருடைய தம்பி, அண்ணனுக்குப் பயம் ஒன்றும் இல்லை, தன்னைவிட்டால் ஆள் இல்லை என்ற திமிர் என்றார். மிஸ்திரியிடமே கேட்டேன். "காரணமா? ஒழுவுது சார், அதான் காரணம்" என்றார். இந்த நால்வரில் யார் சொன்னது செய்தி, யார் சொன்னது வதந்தி என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

சீத்தா கேம்ப் குடியிருப்பில் ஒரு பாய் இருந்தார். பூர்வீகம் கடையநல்லூர்ப் பக்கம். சொந்தமாக ஒரு மினி பஸ், அதை அவரே ஓட்டினார். செம்பூரில் ஒரு பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம் அவருக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. குடும்பமே அந்த ஒரு வண்டியை நம்பித்தான் இருந்தது. ஓட ஆரம்பித்த சில நாளிலேயே பஸ்ஸுக்குள் டீசல் நாற்றம் அடிக்கிறது என்று புகார். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. பாய் யார் யாரிடமோ காட்டினார். நிற்க வைத்துப் பார்த்தால் எங்கும் ஈரமில்லை. பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் நாற்றம். கடைசியாக வண்டி எங்கள் ஆளிடம் வந்தது. துடைத்தார், பவுடர் போட்டார், பேப்பர் விரித்தார். நாள்தோறும் நியூஸ் இல்லை. அந்த வாரம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை காலை அவர் பள்ளி வாசலுக்கே போய், பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது பஸ்ஸுக்கு அடியில் ஊர்ந்துவிட்டார். ஒரு தாய் அதைப் படம் எடுத்துப் பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். நம் பிள்ளைகள் போகும் பஸ்ஸுக்குக் கீழே இந்த ஆள் என்ன செய்கிறான் என்று கேள்வி. மதியமே பள்ளியிலிருந்து பாயைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை போக்குவரத்துப் பொறுப்பாளர் வந்து பார்ப்பார். நாற்றமோ இன்னொரு புகாரோ வந்தால் வேறு வண்டி என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாய் பஸ்ஸைத் தாராவிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். முகம் கறுத்திருந்தது. மிஸ்திரி பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று நின்றார்.

"பாய், வண்டி காலியா வருது. காலியா இருந்தா ஒழுவாது. பிள்ளைங்க ஏறுனாத்தான் ஒழுவுது."

"பிள்ளைங்களுக்கு இன்னைக்கு லீவு அண்ணாச்சி. எங்க போயிப் பிடிக்க?"

மிஸ்திரி ஏற்கெனவே கல்லிக்குள் போயிருந்தார். கோயிலிலிருந்து வந்தவர்கள், சர்ச்சிலிருந்து வந்தவர்கள், கேரம் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"வண்டி எங்க போவுது மிஸ்திரி?"

"எங்கயும் போவாது. ஏறி உக்காருங்க."

"போவாத வண்டில எதுக்கு ஏற?"

"கனத்துக்கு."

"யாரப் பாத்து கனம்ங்கிய?" என்று பருமனான ஒரு பெண் சண்டைக்கு வந்தார். ஆனாலும் முதலில் ஏறி ஜன்னல் ஓரத்தைப் பிடித்தது அவர்தான். அந்த இடத்துக்காக இன்னொருவர் அவரோடு மல்லுக்கு நின்றார். ஒரு பெரியவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, மாதுங்கா வழியாகப் போனால் மார்க்கெட்டில் இறக்கிவிடும்படி பாயிடம் சொல்லிவைத்தார். "அரே, கண்டக்டர் கிதர் ஹை?" என்று கண்டக்டரைத் தேடி இளவட்டங்கள் பின்னாலிருந்து விசிலடித்தார்கள். யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். நானும் ஏறினேன்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் வைத்துவிட்டு, பேப்பரோடும் டார்ச்சோடும் மிஸ்திரி கீழே போனார். பாய் எஞ்சினை ஓடவிட்டார். தரைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பின்னால இருக்கவிய எல்லாரும் முன்னால வாங்க! ... நின்னுட்டே கொஞ்சம் குதிங்க!"

குதித்தோம். பஸ் மூச்சு வாங்கியது.

"இன்னும்! சோறு திங்கலையா?"

குதித்தோம். கீழே சத்தமில்லை. பாய் ஸ்டியரிங்கின் மேல் குனிந்து உதடு மட்டும் அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு கத்தல்.

"நியூஸ் வந்துட்டு! யாரும் எறங்காதிய! பாய், எஞ்சின பந்த் கரோ!"

தாளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் கண்ணாடி போல ஒரு வட்டம். விஷயம் இதுதான். பஸ்ஸுக்குப் புது இருக்கை போட்டவர்கள், அடியில் ரப்பர்க் குழாயைப் பிடித்திருந்த ஒரு கிளிப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டவில்லை. குழாய் தொங்கிவிட்டது. வண்டி நிறைந்து தாழும்போது சக்கரத்துப் பட்டை ஸ்பிரிங்கின் போல்ட் மேலே வந்து குழாயை உரசியிருக்கிறது. உரசிய இடத்தில் ஒரு கீறல். காலியாக இருக்கும்போது அது மூடிக்கொள்ளும். ஆட்கள் ஏறினால் வாய் திறக்கும். ஒரு சாண் தள்ளி சைலன்சர் குழாய், கை வைக்க முடியாத சூட்டில்.

பாய் அதைப் பார்த்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னலோரத்துப் பெண், "அப்ப வண்டி போவாதா?" என்று கேட்டார்.

பழைய குழாயை எறிந்துவிட்டு, புதுக் குழாயை ஸ்பிரிங்குக்கு விலக்கிக் கொண்டுபோய், வேண்டியதைவிட நிறையக் கிளிப்புகளால் கட்டினார். மறுபடியும் எல்லோரையும் ஏற்றிக் குதிக்க வைத்தார். தாள் காய்ந்தே இருந்தது. பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒங்கள மறக்க மாட்டேன். இன்னும் ஒரே ஒரு உதவி. நாளைக்கு நீங்க ஸ்கூலுக்கு வரக்கூடாது."

"வரல."

"போன தடவையும் இப்பிடித்தான் சொன்னிய."

"வண்டிகிட்ட வர மாட்டேன் பாய். பிள்ளையார் மேல ஆணை."

பாய்க்கு நம்பிக்கை வரவில்லை. என்னைத் தனியே அழைத்துப் போனார். "சார், காலையில நீங்க அவரப் பிடிச்சு வையுங்க. அவர அங்க ஒருத்தர் பாத்தாலும் எம் பொழப்பு போச்சு."

அதனால்தான் திங்கட்கிழமை காலை மாதுங்காவில் ஒரு ஹோட்டலுக்கு அவரைக் காப்பி சாப்பிட அழைத்துப் போனேன். அவருடைய ஸ்கூட்டரில்தான் போனோம். நாற்காலியில் உட்கார்ந்தாரே தவிர அவர் உடம்பு உட்காரவில்லை. தம்ளரைத் தூக்கினார், வைத்தார். மேசையில் விழுந்த ஈர வளையத்தைத் தொட்டு முகர்ந்தார்.

"இப்ப பிள்ளைங்க ஏறியிருக்கும்."

"ஏறட்டும் அண்ணாச்சி."

"நேத்து குதிச்சது பெரிய ஆளுக. பிள்ளைங்க குதிக்கது வேற மாதிரி."

"நேத்து நீங்களேதான் காய்ஞ்சிருக்குன்னீங்க."

"நேத்துக் காஞ்சிருந்தது."

இட்லி சொன்னேன். கை கழுவிவிட்டு வருவதாக எழுந்து போனார். இட்லி வந்தது. பரிமாறுகிறவர் தட்டை வைத்துவிட்டு, "உங்களோட வந்தவர் பின்பக்கமா ஸ்கூட்டர் எடுத்துண்டு போய்ட்டாரே சார். இது ரெண்டும் உங்களுக்கேவா?" என்றார்.

டாக்சி பிடித்து செம்பூர் போய்ச் சேர்ந்தபோது பஸ் பள்ளி வாசலில், நடைபாதையை ஒட்டி நின்றிருந்தது. பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர்கள் சிலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் பஸ்ஸுக்குக் கீழேதான் முதலில் பார்த்தேன். கால் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. பொறுப்பாளர் அம்மா பஸ்ஸுக்குள் ஏறி, கடைசி இருக்கை வரை நடந்து, இரண்டு இடத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். இறங்கி வந்து பாயிடம் சிரித்தபடி ஏதோ சொன்னார். பாய் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். குனிந்த தலை நிமிர நேரமாயிற்று.

மிஸ்திரி சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தார். இளநீர் வண்டிக்குப் பின்னால், கன்னம் நடைபாதையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இளநீர்க்காரர் அவரைத் தாண்டித் தாண்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

பஸ் நகர்ந்தது. அது நின்ற இடத்தில், தார்ச்சாலையில், எங்கள் நாளிதழின் ஒரு முழுத்தாள் கிடந்தது. நான்கு மூலையிலும் கல். நாளிதழின் பெயர் பஸ்ஸின் மூக்கு இருந்த பக்கம்.

"போன வாரமே எடத்தப் பாத்து வெச்சேன்" என்றார். "வண்டி வரதுக்கு முந்தியே போட்டாச்சு. வண்டிகிட்ட நான் போவலல்ல?"

ஹாரன்களுக்கு நடுவே சாலையைக் கடந்தார். நானும் பின்னால் ஓடினேன். பள்ளிக் காவலாளி, "ஏ கச்ரா கிஸ்னே டாலா?" என்று, குப்பை போட்டவனைத் தேடிக் கத்திக்கொண்டு வந்தார். மிஸ்திரி அவரைப் பார்க்கவில்லை. தாளை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். ஓர் ஓரத்தில் சின்ன ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தார்.

"தண்ணி. ஏதோ பிள்ள பாட்டில்."

"அப்ப நியூஸ் இல்ல" என்றேன்.

"இல்ல." சொன்னவரின் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் மாலை போட்ட மாதிரி ஒரு கட்டத்துக்குள் ஒரு மனிதரின் படம். அவசரத்தில் பார்க்காமல் போட்டிருக்கிறார்.

"இவரு இருக்காரா, போயிட்டாரா?"

"போயிட்டார் அண்ணாச்சி."

சட்டைக் கையால் படத்தின் மேலிருந்த தார்ப்புழுதியைத் துடைத்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காவலாளி இன்னும் கத்திக்கொண்டிருந்தார். பாயின் பஸ் திருப்பத்தில் மறைந்தது.

"சார், சாயங்காலம் பிள்ளைங்கள ஏத்த வண்டி இதே எடத்துலதான நிக்கும்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சாலையில் கிடந்த நான்கு கற்களையும் பொறுக்கிக்கொண்டு போய், பள்ளிச் சுவரை ஒட்டி, யார் காலிலும் இடறாதபடி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்.